உயரத்தில் இரண்டாம் நாள்

சென்ற வாரம் சாப்பாட்டு மேசையில் நாத்தனார் ஒரு வார்த்தை சொன்னாள். உச்சி எழுந்துபோய்த் தட்டைக் கழுவினாள். மூன்றே பேர் உள்ள வீடு. அப்படியும் அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்ததை மற்ற இருவரும் கவனிக்கவில்லை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வரி. உச்சி என்பது துறைமுகத்தில் அவளுக்கு வைத்த பெயர். ஏழு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறாள். கீழே நிற்பவர்கள் அவளைப் பார்க்க வேண்டுமானால் கழுத்தை ஒடித்து அண்ணாந்து பார்க்க வேண்டும். அதனால் உச்சி. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல உள்ள எல்லாரையும் நான் மேல ஏத்தி விடுறேன், என் பொண்டாட்டி மட்டும் படியில நடந்து ஏறுறா" என்று நண்பர்களிடம் சலிக்காமல் சொல்வார். அவருடைய தங்கை நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். கணவனைப் பிரிந்து இரண்டு வருடமாக அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு வீட்டில் மீன்குட்டி என்று பெயர்.

அன்று அவள் சொன்னது இதுதான். குளத்துக்கு வரும் ஒருத்தி மாதவிடாய் வலி என்று இரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறாள். "எனக்கெல்லாம் ஒரு நாள்கூட தண்ணில இறங்காம இருந்ததில்ல அண்ணி. நாப்கினுக்குப் பதிலா உள்ள வைக்கிற கப்பை வச்சுக்கிட்டு நான் பாட்டுக்கு நீந்துவேன். நாமதான் அதைப் பெருசு பண்றோம்."

அந்த மேசையில்தான் கடிதமும் இருந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெரிய கிரேனில் உச்சிக்குத் தகுதித் தேர்வு. இதுவரை அவள் ஓட்டியது கன்டெய்னர் அடுக்கும் யார்டுக்குள் இருக்கும் சின்ன கிரேன். பெரியது கப்பலோடு பேசும் கிரேன். அந்தத் துறைமுகத்தில் அதில் இதுவரை ஒரு பெண்ணும் உட்கார்ந்ததில்லை.

புதன்கிழமை மாலை அவளுக்கு வந்துவிட்டது.

வியாழன் இரண்டாம் நாள். அவளுக்கு இரண்டாம் நாள்தான் ஆளைக் கொல்லும்.

*

காலை ஐந்தரைக்குக் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உச்சி குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் பொட்டலம் பிரிக்கும் சத்தம் கேட்காது. இரண்டு நாப்கின், அதற்குமேல் மடித்த பழைய பருத்தித் துணி, அதற்குமேல் கறுப்பு பேன்ட். பயன்படுத்தியதைச் செய்தித்தாளில் சுருட்டி, சாப்பாட்டுப் பையின் அடியில் போட்டாள். அது துறைமுகத்துக் குப்பைத் தொட்டிக்குப் போகும். பதினாலு மாதமாக வீட்டுக் குப்பைக் கூடைக்கு அவள் எதையும் கொடுக்கவில்லை.

காரணம் வெட்கம் இல்லை. வீட்டுக்காரரின் முகம்.

கல்யாணமாகி ஆறு வருடம். முதல் வருடம் அவர் ஒவ்வொரு மாதமும் விசேஷம் உண்டா என்று கேட்பார். இரண்டாம் வருடம் கேட்க மாட்டார், பார்ப்பார். அப்புறம் பார்க்கவும் மாட்டார். அவளுக்கு வந்துவிட்டது என்று தெரிந்த அன்று, நன்றாக இருக்கிற ஜன்னல் கீலைக் கழற்றி எண்ணெய் போடுவார். சமையலறை அலமாரிக்குப் புதிதாகப் பிடி வைப்பார். இரண்டு நாள் வீட்டில் ஏதாவது ஒன்றைத் தட்டிக்கொண்டே இருப்பார். கோபப்பட்டால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவர் அவளிடம் கூடுதல் அன்பாக இருப்பார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அதனால் உச்சி ஒரு வழி கண்டுபிடித்தாள். வரும்போது சொல்வதில்லை. போன பிறகு, ஒரு வாரம் கழித்து, காய்கறி பற்றிப் பேசும் குரலில், "அது போன வாரமே வந்துட்டுப் போயிருச்சுங்க" என்பாள். துக்கம் அப்படி வந்தால் கொஞ்சம் மெலிந்து வருகிறது. ஆனால் அதற்காக வலியையும் சேர்த்து ஒளிக்க வேண்டியிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால் அது செய்தி. சுடுதண்ணீர் கேட்டால் செய்தி. மருந்துக் கடைக்குப் போனால் செய்தி.

சமையலறையில் அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டுப் போ. வெறும் வயித்தோட தேர்வு எழுதக் கூடாது."

"எழுதுற தேர்வு இல்லீங்க. தூக்குற தேர்வு."

"அப்ப ரெண்டு ரொட்டியா சாப்பிடு."

அவள் சிரித்தாள். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, அவர் திரும்பியதும் மீதியைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்தாள். குமட்டியது. தண்ணீர் குடிக்கவில்லை. பெரிய கிரேனில் ஏறினால் கழிப்பறை நூற்று எண்பத்தாறு படி கீழே. முந்தின நாள் மாலையிலிருந்தே அவள் தண்ணீரை நிறுத்தியிருந்தாள்.

மாத்திரை? இருந்தது. தாங்க முடியாமல் போனால் பார்க்கலாம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

மீன்குட்டி வாசலில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "என்ன அண்ணி, மூஞ்சி வெளுத்துக் கிடக்கு. பயமா?"

"ஆமா, பயம்தான்" என்றாள் உச்சி. அப்படிச் சொல்வது சுலபமாக இருந்தது.

*

பெரிய கிரேனின் கேபினில் தரை கண்ணாடி. இரண்டு பாதங்களுக்கு நடுவே நாற்பது மீட்டர் கீழே தளம் தெரியும். லாரிகள் தீப்பெட்டி அளவு. மனிதர்கள் மஞ்சள் தொப்பிகள் மட்டும்.

தேர்வு எளிமையானது. கப்பலிலிருந்து மூன்று கன்டெய்னர்களை எடுத்து, மூன்று லாரிகளில் வைக்க வேண்டும். நேரம் பார்ப்பார்கள். அதைவிட முக்கியமாக, பெட்டி எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பார்கள். சோதனை அதிகாரி தளத்தில் வாக்கிடாக்கியோடு நின்றிருந்தார். அந்த அலைவரிசையில் யார்டில் இருக்கிற நாற்பது பேரும் இருந்தார்கள்.

முதல் பெட்டி சுத்தமாக இறங்கியது.

"நல்லது" என்றது வாக்கிடாக்கி.

இரண்டாவது பெட்டி தூக்கும்போது வயிற்றுக்குள் யாரோ ஈரத் துணியைப் பிழிவதைப்போல் ஆரம்பித்தது. தொடை நரம்பு வரைக்கும் இழுத்தது. உச்சி பல்லைக் கடித்துக்கொண்டு லீவரைப் பிடித்திருந்தாள். பெட்டி லாரியில் உட்கார்ந்தது. நாலு மூலையும் சரி. மாத்திரையை எடுத்துத் தண்ணீரில்லாமல் விழுங்கினாள். தொண்டையில் ஒட்டிக்கொண்டு கசந்தது.

மூன்றாவது பெட்டி காற்றில் இருந்தபோது கட்டியாக ஏதோ இறங்கியது தெரிந்தது. உடனே சூடாக நனைந்தது. இரண்டு நாப்கினும் துணியும் தோற்றுவிட்டன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. காதுக்குள் ரீங்காரம். கண்ணாடித் தரையில் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. அவற்றின் நடுவே ஒரு லாரி. லாரிக்குள் ஒரு டிரைவர் கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

இருபது டன்.

இன்னும் ஒரு நிமிடம் போதும், முடித்துவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. ஒரு நிமிடம் கண் தெரியுமா என்று இன்னொன்று கேட்டது.

உச்சி பெட்டியை லாரிக்கு மேலே கொண்டுபோகவில்லை. ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்து, தளத்தில் ஆள் இல்லாத வெள்ளைக் கட்டத்துக்குள் மெதுவாக இறக்கினாள். பிடி கழன்றது. பெட்டியைக் கவ்வும் இரும்புச் சட்டத்தை மேலே ஏற்றி, பிரேக்கைப் போட்டு, சாவியைத் திருப்பினாள். அதற்குப் பிறகுதான் வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"நிறுத்துறேன்."

"காரணம்?"

நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஓட்டுற நிலைமைல நான் இல்ல. தலை சுத்துது."

பிறகு யாரோ ஒருவர், நல்ல மனதோடுதான், "காலைல சாப்பிடலையா உச்சி?" என்றார். இன்னொரு குரல், "உயரம் ஒத்துக்கல போல" என்றது. ஏழு வருடமாக உயரத்தில் இருக்கிறவள் வாக்கிடாக்கியின் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

"இறங்கி வர முடியுமா?" என்றார் அதிகாரி.

அவள் எழ நினைத்தாள். சாம்பல் நிற இருக்கை நனைந்திருந்தது. எழுந்தால் அது தெரியும். இறங்கினால் பேன்ட் தெரியும்.

"முடியாது" என்றாள்.

நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். துறைமுகம் முழுக்க அவளைப் பார்க்க முடியும். அவளிடம் இருப்பதை ஒருவராலும் பார்க்க முடியாது. பதினாலு மாதமாக வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறாள் என்று தோன்றியது. அழுகை வரவில்லை. குளிர்ந்தது.

*

ஏறி வந்தது முதலுதவி அறையின் ஆண் நர்ஸ்.

மூச்சு வாங்கிக்கொண்டு கேபின் கதவைத் திறந்தவர் கண்ணாடித் தரையைப் பார்த்ததும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க. எனக்கு உயரம்னா கொஞ்சம் ஆகாது. நான் கூரையப் பாத்துக்கிட்டே பேசுறேன். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

கூரையைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டி அவள் நாடியைப் பிடித்தார். ஒரே ஒரு முறை குனிந்து அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளிறியிருந்தது. ரத்த அழுத்தம் குறைவு. பையிலிருந்து சர்க்கரை உப்புக் கரைசலை எடுத்துக் கொடுத்தார்.

"மடக்கு மடக்கா குடிங்க. கால்ல ஏதும் அடியா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் எந்திரிக்க மாட்டேங்கிறீங்க?"

உச்சி நனைந்த இருக்கையின் ஓரத்தைக் கையால் மூடினாள். அவர் தன் நீளமான வெள்ளைக் கோட்டைக் கழற்றி, பார்க்காமலே அவள் பக்கம் நீட்டினார்.

"இடுப்புல கட்டிக்கங்க. எட்டு வருஷம் பெண்கள் வார்டுல இருந்தவன் நான். இன்னைக்கு எத்தனையாவது நாள்?"

"ரெண்டாவது."

"எத்தனை மணிக்கொருதரம் மாத்த வேண்டியிருக்கு?"

அவள் திகைத்துப் போனாள். முப்பத்துநாலு வயது வரை இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அம்மா கேட்டதில்லை. தோழி கேட்டதில்லை. பிள்ளைக்காகப் பார்த்த டாக்டர் தேதியைக் கேட்டார், நாள் கணக்கைக் கேட்டார். இதைக் கேட்கவில்லை.

"முதல் ரெண்டு நாள் ஒரு மணி நேரம் தாங்கும். சில சமயம் அதுவும் இல்ல."

"கட்டி கட்டியா போகுதா?"

"பெரிய காசு அளவுக்கு."

"எத்தனை நாள் நீடிக்குது?"

"எட்டு. ஒன்பது."

"எப்ப இருந்து?"

"வலி பதினஞ்சு வயசுல இருந்து. ரத்தம் இவ்வளவு போறது ரெண்டு வருஷமாத்தான்."

"யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"எல்லாருக்கும் வர்றதுதானே சார்."

"வர்றது எல்லாருக்கும் வரும்" என்றார் அவர். "மணிக்கு ஒண்ணு நனையறது எல்லாருக்கும் இல்ல. அது டாக்டர் பாக்க வேண்டிய விஷயம். கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கா? கேட்டுத்தான் ஆகணும்."

"இல்ல."

"நிச்சயமா?"

"ஆறு வருஷமா நிச்சயம்."

அவர் மறுபடி ஒரு முறை கூரையிலிருந்து கண்ணை இறக்கி அவளைப் பார்த்தார். உடனே தரை தெரிந்ததால் திரும்பவும் மேலே பார்த்தார். அந்த நிலைமையிலும் உச்சிக்குச் சிரிப்பு வந்தது.

"இருந்தாலும் கீழ போய் ஒரு டெஸ்ட் பண்ணிருவோம். வலிக்கு என்ன பண்ணுவீங்க?"

"தாங்க முடியலைன்னா ஒரு மாத்திரை. இப்பத்தான் போட்டேன்."

"எதைச் சாப்பிட்டுட்டு?"

"ஒண்ணும் சாப்பிடல. தண்ணியும் குடிக்கல. இங்கேருந்து இறங்க முடியாதுல்ல."

"ஆக, வெறும் வயித்துல, தண்ணியில்லாம, வலி உச்சத்துக்குப் போன பிறகு" என்று அவர் விரல் விட்டு எண்ணினார். "எல்லாத்தையும் தலைகீழா பண்ணியிருக்கீங்க. கர்ப்பப்பைங்கிறது ஒரு தசைங்க. உள்சுவரை வெளியேத்துறதுக்கு அது சுருங்கிச் சுருங்கிப் பிழியுது. பிழியச் சொல்ற சரக்கு ஒண்ணு உடம்புலயே ஊறுது. மாத்திரை அந்தச் சரக்கைத்தான் குறைக்குது. ஊறி முடிஞ்ச பிறகு போட்டா அது என்ன பண்ணும்? வலியைத் துரத்திப் பிடிக்க முடியாது. வலி வர்ற வழியில முன்னாடியே போய் நிக்கணும். ஆரம்பிக்கும்போதே, சாப்பிட்டுட்டு, தண்ணியோட. அதுவும் வயித்துப்புண், ஆஸ்துமா இருந்தா எந்த மாத்திரைன்னு கேட்டுட்டுத்தான்."

"அதெல்லாம் இல்ல."

"சூடு வச்சிருக்கீங்களா?"

"வீட்டுல முடியாது."

"ஏன்?"

அவள் மீதிக் கரைசலை ஒரே மடக்கில் குடித்தாள். அவர் திரும்பக் கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்து, இடுப்பில் பாதுகாப்புப் பட்டையோடு, அவர் முன்னே, அவள் பின்னே, படிப்படியாக இறங்கினார்கள். பயத்தில் அவர் ஒவ்வொரு படியையும் சத்தமாக எண்ணிக்கொண்டே இறங்கினார். கீழே கூடியிருந்தவர்கள் அவர்தான் மயங்கிவிட்டாரோ என்று பார்த்தார்கள். வெள்ளைக் கோட்டைச் சுற்றிக்கொண்டு நடந்த உச்சியை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை.

*

உச்சியின் கணவருடைய போன் பதினோரு முறை அடித்தது. அது ஓர் அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் கருவிப் பையில் கிடந்தது. அவர் ஒன்பதாவது மாடியில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று கம்பி வடத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார். துறைமுகத்துக்காரர்கள் இரண்டாவது எண்ணுக்கு அடித்தார்கள். மீன்குட்டி ஈரத் தலையோடு எடுத்தாள்.

"மாத்துத் துணி கொண்டு வாங்க. உள்ளாடையும்" என்றார் நர்ஸ்.

மீன்குட்டி வீட்டுக்கு ஓடி வந்து அண்ணியின் அலமாரியைத் திறந்தாள். பேன்ட் கிடைத்தது. உள்ளாடை கிடைத்தது. சாக்ஸும் எடுத்துக்கொள்ளலாம் என்று கீழ் இழுப்பறையை இழுத்தாள். உருட்டி வைத்த ஒரு ஜோடி சாக்ஸ் கைக்கு வித்தியாசமாக இருந்தது. பிரித்தாள். உள்ளே ஒரு நாப்கின். அடுத்ததைப் பிரித்தாள். அதிலும் ஒன்று. இழுப்பறை முழுக்கச் சாக்ஸ். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒன்று. உல்லன், பருத்தி, ஓட்டை விழுந்தது, எல்லாம்.

மீன்குட்டி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருடமாக ஒரே குளியலறை. தன்னுடையது அலமாரித் தட்டில் பகிரங்கமாக இருக்கும். அண்ணியுடையதைப் பார்த்ததே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. பார்க்கவில்லை என்பதையும் பார்க்கவில்லை.

முதலுதவி அறையில் உச்சி வயிற்றில் சூட்டுப் பையோடு, முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் படுத்திருந்தாள். டெஸ்ட் முடிந்திருந்தது. இல்லை என்றது. அது சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

மீன்குட்டி பையை வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"சாக்ஸ் கொண்டு வந்திருக்கேன்" என்றாள்.

உச்சி கண்ணைத் திறந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உன் அண்ணன்கிட்ட சொல்லிறாதே."

"சொல்லல. தலை சுத்தி உக்காந்துட்டாங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு மெசேஜ் போட்டிருக்கேன். அவ்வளவுதான்." கொஞ்சம் தயங்கினாள். "எனக்கு வலிச்சதே இல்ல அண்ணி. சத்தியமா. லேசா ஒரு இழுப்பு, அவ்வளவுதான். அதனால எல்லாருக்கும் அவ்வளவுதான்னு நினைச்சுட்டேன். அந்தப் பிள்ளைகிட்ட வேற, நடிக்காதேன்னு சொல்லிட்டேன்."

"எந்தப் பிள்ளை?"

"லீவு கேட்டவ."

"போன் பண்ணிச் சொல்லு."

"என்னன்னு?"

"தெரியாம சொல்லிட்டேன்னு."

மீன்குட்டி தலையாட்டினாள். அவளுக்கு அண்ணியின் கையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. பிடித்துப் பழக்கமில்லை. சூட்டுப் பையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

சோதனை அதிகாரி கதவருகில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி வைக்கிறோம்" என்றார்.

"தோத்ததா எழுதலையா சார்?"

"முடியலைன்னு தெரிஞ்சதும் சுமையை ஆள் இல்லாத இடத்துல இறக்கிட்டு நிறுத்தினீங்க. முடிச்சிருவோம்னு முரண்டு பிடிச்சவங்களை நான் பாத்திருக்கேன்." அவர் தொப்பியைக் கையில் திருப்பினார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுத?"

தலைச்சுற்றல் என்று சொல்ல உச்சி வாயெடுத்தாள். அது பொய்யுமில்லை.

"மாதவிடாய். அதிக ரத்தப்போக்கு" என்றாள்.

அவர் காது சிவந்தது. ஆனாலும் எழுதினார். எழுத்துக்கூட்டிச் சரியாக எழுதினார்.

நர்ஸ் ஒரு சீட்டைக் கொடுத்தார். ரத்தப் பரிசோதனை. செவ்வாய்க்கிழமை பெண்கள் மருத்துவரிடம் ஸ்கேன். "கர்ப்பப்பையில கட்டி மாதிரி ஏதாவது இருக்கலாம். ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். பாக்காம நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. அதுவரைக்கும் தேதி, எத்தனை மாத்துறீங்க, வலி எவ்வளவு, எல்லாத்தையும் குறிச்சு வைங்க. இந்த ரேஞ்சுலயே ரத்தம் போனா, மறுபடி மயக்கம் வந்தா, செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரி. அப்புறம் தண்ணி குடிங்க. பெரிய கிரேன்ல நடுவுல ஒரு தடவை இறங்குறதுக்கு ஆள் மாத்தி விடணும்னு நான் எழுதித் தர்றேன்."

"ஒருத்திக்காகவா?"

"ஆம்பளைகளும் அங்கதான் அடக்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க" என்றார் அவர். "கேட்டதில்ல, அவ்வளவுதான்."

*

மாலை ஐந்து மணி. உச்சி தன் அறைக் கட்டிலில் படுத்திருந்தாள். மீன்குட்டி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது.

அவர் அறை வாசலில் வந்து நின்றார். மூச்சு இரைத்தது. கையெல்லாம் மசகு.

"போன் கீழ இருந்துச்சு. இப்பத்தான் பாத்தேன்." கட்டிலருகே வந்தார். "தலை சுத்துச்சாமே."

அந்த முகத்தைப் பார்த்ததும் உச்சிக்குப் புரிந்துவிட்டது. தலைசுற்றல் என்ற ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு அவர் நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்திருக்கிறார். கண்ணில் பிள்ளை என்ற எதிர்பார்ப்பின் வெளிச்சம் இருந்தது. அதோடு வேறு ஏதோவும் இருந்தது. பயம்போல, நம்ப முடியாததுபோல. அதை அவளால் படிக்க முடியவில்லை.

"நீங்க நினைக்கிறது இல்லீங்க."

"நான் ஒண்ணும் நினைக்கலையே."

"படியில ஓடி வந்தீங்க. நம்ம லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது. நீங்கதான் சரி பண்ணீங்க."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வெளிச்சம் அணைவதை அவள் பார்த்தாள். வழக்கமாக இந்த இடத்தில் அவள் பேச்சை மாற்றிவிடுவாள். இன்று மாற்றவில்லை.

"எனக்கு வந்திருக்கு. நேத்துல இருந்து. அதனாலதான் தேர்வை நிறுத்த வேண்டியதாப் போச்சு. மாசா மாசம் இப்படித்தாங்க இருக்கு. நடக்க முடியாது, நிக்க முடியாது. போன வாரமே வந்துட்டுப் போச்சுன்னு சொல்வேன்ல, அப்பெல்லாம் அந்த வாரம் பூரா இதோட உங்க பக்கத்துலதான் படுத்திருந்தேன்."

"எத்தனை மாசமா?"

"ஒளிக்கிறது பதினாலு மாசமா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"உங்க முகத்துக்காக."

அவர் கையிலிருந்த மசகைக் கைக்குட்டையில் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். சமையலறையில் பாத்திரச் சத்தம் குறைந்தது.

"செவ்வாய்க்கிழமை ஸ்கேன்" என்றாள் அவள். "பிள்ளைக்காக இல்ல. எனக்காக."

"நான் லீவு போடுறேன். கூட வர்றேன்."

"வாங்க."

"அங்க போனா டாக்டர் என்னையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுவாங்க."

"சொன்னா எடுத்துக்கலாம்."

அவர் கைக்குட்டையை நாலாக மடித்தார்.

"எடுத்தாச்சு."

"என்னது?"

"எடுத்தாச்சு. போன வருஷம். ரெண்டு நாள் வெளியூர் வேலைன்னு போனேன்ல. வெளியூர் இல்ல."

உச்சி அவரைப் பார்த்தாள். வாசலில் அவர் கண்ணில் படிக்க முடியாமல் போனது இப்போது புரிந்தது. அவருக்கு வார்த்தை வாய் வரைக்கும் வந்து நின்றிருந்தது. பதினாலு மாதம் அவள் சாக்ஸுக்குள் ஒளித்துக்கொண்டிருந்த அதே கட்டிலின் மறுபக்கத்தில் இவரும் ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

டெஸ்டில் என்ன வந்தது என்று அவள் கேட்க வேண்டும். அவர் அதற்காகத்தான் காத்திருந்தார். கேட்டால் சொல்லிவிடுவார். சொன்னால் உடைந்துவிடுவார். அப்புறம் அவள் எழுந்து உட்கார்ந்து, தலையைத் தடவி, பரவாயில்லீங்க என்று சொல்ல வேண்டும். சொல்வாள். அவளுக்கு அது பழக்கம். வலியைக் கீழே வைத்துவிட்டு அவரைத் தூக்கிக்கொள்வாள்.

"நாளைக்குச் சொல்லுங்க" என்றாள். "இன்னைக்கு எனக்கு வயிறு வலிக்குது."

அவர் மடித்த கைக்குட்டையைச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு எழுந்து, எதையும் பழுது பார்க்காமல், சமையலறைப் பக்கம் போனார்.

அண்ணனும் தங்கையும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. "போன வருஷம் எடுத்த டெஸ்ட்ல" என்று அவர் தொடங்கியது மட்டும் விளங்கியது. மீன்குட்டி பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த மறந்துவிட்டார்கள்போல.

உச்சி பக்கத்துத் தலையணையை இழுத்து, முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.